க்வாட் 405-க்கு எந்த வால்வு ப்ரீஆம்ப்? ஒரு நிகழ்வு ஆய்வு

வால்யூம் குமிழ், கடிகார முள் கணக்கில், எட்டு மணியைத் தாண்டவில்லை. அதற்குள் அறை நிரம்பிவிடுகிறது. ஏழரைக்குத் திருகினால் இடது ஸ்பீக்கர் ஊமையாகி, வலது மட்டும் முணுமுணுக்கிறது. பாட்டு நின்றபின், ஊர் அடங்கிய நேரத்தில், உட்காரும் இடம் வரை மெல்லிய 'ஸ்ஸ்' இரைச்சல் வருகிறது. சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் கூம்பு ஒருமுறை முன்னால் தள்ளி உள்ளே இழுக்கிறது. இவ்வளவும் ஒரே அமைப்பில். வால்வு (சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) மாற்றிப் பார்த்தார்கள், கேபிள் மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆகவும் ஆகாது, கோளாறு வால்விலும் இல்லை, கேபிளிலும் இல்லை.

அமைப்பு இதுதான். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப், 1975-இல் வந்த க்வாட் 405. ஒரு சிடி ப்ளேயர். எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ் என்ற ஊசித்தலை பூட்டிய ஒரு ரெக்கார்டு ப்ளேயர். 8 ஓம், 88 டெசிபெல் (1 வாட்டில், ஒரு மீட்டரில்) ஸ்பீக்கர்கள். அறை 12-க்கு 14 அடி. நடுவே, ப்ளேயரின் சிக்னலை வாங்கி, வால்யூமைக் கட்டுப்படுத்தி, பவர் ஆம்புக்கு அனுப்பும் ப்ரீஆம்ப்: மராண்ட்ஸ் 7 வழியில் கட்டிய ஒரு கிட், ஆறு 12ஏஎக்ஸ்7 வால்வுகளோடு. அதை எடுத்துவிட்டு வேறு ப்ரீஆம்ப் வைக்க வேண்டும், வால்வாகத்தான் இருக்க வேண்டும் என்பது கேள்வி.

முதலில் பவர் ஆம்பைக் கேட்க வேண்டும்

ப்ரீஆம்ப் தேடுகிறவர் ப்ரீஆம்பின் தாளைப் படிக்கிறார். படிக்க வேண்டியது அதற்குப் பின்னால் நிற்கும் பெட்டியின் தாளை. 405-இன் தாளில் இரண்டு எண்கள் போதும்: 100 வாட்டுக்குத் தேவையான உள்ளீடு 0.5 வோல்ட், உள்ளீட்டு இம்பீடன்ஸ் (வரும் சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) 20 கிலோ ஓம்.

இந்த அரை வோல்ட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. க்வாட் தன் ட்ரான்சிஸ்டர் ப்ரீஆம்பான 33-ஐ அரை வோல்ட் தரும்படி செய்திருந்தது. 405 அதற்கு ஜோடியாக வந்தது. சிடி 1982-இல் வந்தபோது முழு அளவில் 2 வோல்ட் என்பது வழக்கமாகிவிட்டது. அதாவது சிடி ப்ளேயரை நேரே செருகினாலே 405-க்கு நான்கு மடங்கு மிச்சம். இந்த மிச்சத்தின் மேல்தான் வால்வு ப்ரீஆம்ப் இன்னும் பத்து மடங்கைப் போடுகிறது.

கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் எட்டு மணிக் குமிழின் ரகசியம் தெரிந்துவிடும். 8 ஓமில் 100 வாட் என்றால் 28.3 வோல்ட். அரை வோல்ட்டை 28.3 ஆக்க 56.6 மடங்கு, அதாவது 35 டெசிபெல் கெயின் (பெருக்கம்). வீட்டில் சாதாரணமாகக் கேட்பது 1 வாட் அளவில், அது 2.83 வோல்ட், 405-இன் வாயிலில் வெறும் 50 மில்லிவோல்ட். கிட் ப்ரீஆம்பின் லைன் பகுதி (சிடி போன்றவற்றின் சிக்னலைப் பெருக்கும் பகுதி) 20 டெசிபெல்லுக்குச் சற்று மேல் பெருக்கும். 20 என்றே வைத்துக்கொள்வோம். சிடியின் 2 வோல்ட், 20 வோல்ட் ஆகிறது. 20 வோல்ட்டை 50 மில்லிவோல்ட்டுக்கு இறக்க 400 மடங்கு குறைக்க வேண்டும், 52 டெசிபெல். இந்த வேலை முழுக்க வால்யூம் பாட்டின் (குமிழுக்குப் பின்னால் உள்ள பொட்டென்ஷியோமீட்டர், மாறும் மின்தடை) தலையில் விழுகிறது.

இரு சேனலுக்கும் ஒரே தண்டில் ஓடும் இரட்டை லாக் (லாகரிதமிக்) பாட் எதுவானாலும் இரண்டு தடங்களும் நடுவில் ஒத்துப்போகும், அடியில் பிரியும். மேல்பாதியில் அரை டெசிபெல் வேறுபாடு காட்டும் பாட், அடி விளிம்பில் இரண்டு மூன்று டெசிபெல் விலகி, கடைசியில் ஒரு தடம் அறுந்தே போவது வாடிக்கை. இடது ஸ்பீக்கர் ஊமையானது அதனால்தான். விலை உயர்ந்த பாட் போட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், தீராது.

இரைச்சலுக்கும் அதே கணக்கு. வால்யூம் பாட் லைன் பகுதியின் வாயிலில் இருக்கிறது. அந்தப் பகுதியின் வால்வுகள் அதற்குப் பின்னால். குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாலும் வால்வின் சொந்த இரைச்சல் குறையாது. அது 100 மைக்ரோவோல்ட் என்று வைத்தால் 405 அதை 5.7 மில்லிவோல்ட் ஆக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். 2.83 வோல்ட்டுக்கு அது 54 டெசிபெல் கீழே. 88 டெசிபெல் ஸ்பீக்கரில் ஒரு மீட்டரில் 34 டெசிபெல் ஓசை. பகலில் மின்விசிறி சத்தத்தில் அமுங்கும், இரவில் கேட்கும். இந்த அமைப்பின் புகார் சொல்லுக்குச் சொல் இதுவே.

20 கிலோ ஓம் என்ற சுமை

வால்வு ஆம்புகளின் உள்ளீடு பொதுவாக 100 கிலோ ஓமிலிருந்து அரை மெக் வரை இருக்கும். டைனகோவின் ஸ்டீரியோ 70 வால்வு ஆம்பில் 470 கிலோ ஓம். அந்தக் காலத்து வால்வு ப்ரீஆம்புகள் அதை நினைத்தே செய்யப்பட்டவை. 20 கிலோ ஓம் அவற்றுக்கு ஏறக்குறைய ஷார்ட் போலத்தான்.

வால்வுக்குள், ஹீட்டர் சூடாக்கும் கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் பிளேட்டுக்குப் போகும்; நடுவே உள்ள கிரிட்டுக்கு வரும் சிக்னல் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். 12ஏஎக்ஸ்7-ஐ எடுத்துக்கொள்வோம். பெருக்கக் காரணி 100. உள் மின்தடை 62.5 கிலோ ஓம் பக்கம். பிளேட்டில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, பிளேட்டிலிருந்தே வெளியீட்டை எடுத்தால் அவுட்புட் இம்பீடன்ஸ் 38.5 கிலோ ஓம். அதில் 20 கிலோ ஓமைத் தொங்கவிட்டால் சிக்னலில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும், 9.3 டெசிபெல் நட்டம். 'நமக்குத்தான் கெயின் மிச்சமாயிற்றே, போகட்டுமே' என்று தோன்றும். போவது கெயின் மட்டும் என்றால் சரிதான். சுமை ஏறினால் அந்த வால்வின் டிஸ்டார்ஷனும் (சிக்னலின் உருக்குலைவும்) ஏறுகிறது.

அடுத்தது பேஸ். வெளியீட்டுக் கெப்பாசிட்டரும் சுமையும் சேர்ந்து கீழ் எல்லையை வகுக்கின்றன. 20 கிலோ ஓமில் 0.1 மைக்ரோ ஃபாரட் என்றால் 80 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் போய்விடும். மிருதங்கத்தின் தொப்பி மெலிந்து, வலந்தலை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 0.47-இல் 17 ஹெர்ட்ஸ், 2.2-இல் 3.6, 4.7-இல் 1.7. இதே 0.47, 100 கிலோ ஓம் சுமையில் 3.4 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். 'வால்வு ப்ரீஆம்ப் போட்டால் பேஸ் மெலியும்' என்ற பேச்சில் பாதி இந்தக் கெப்பாசிட்டரைப் பற்றியது.

மேடைக்கு வந்தவை

டைனகோ பாஸ்-3. நான்கு 12ஏஎக்ஸ்7, ஏசியை டிசியாக்க ஒரு 12எக்ஸ்4 ரெக்டிஃபையர். 1960-களின் எளிய, நேர்மையான சர்க்யூட். அழகாகச் சீரமைத்த ஒன்று கைக்கு வந்தால் மனம் இளகத்தான் செய்யும். ஆனால் இதன் லைன் பகுதி வெளியீட்டை 12ஏஎக்ஸ்7-இன் பிளேட்டிலிருந்தே எடுக்கிறது. கேத்தோடு ஃபாலோவர் (பெருக்காமல், கேத்தோடிலிருந்து வெளியீட்டைத் தந்து சுமையை ஓட்டும் வால்வு) கிடையாது. ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்கு எதிராகத் திருப்பித் தருவது) இருப்பதால் அவுட்புட் இம்பீடன்ஸ் 38 கிலோ ஓமிலிருந்து வெகுவாக இறங்கிவிடும் என்பது உண்மை. அதைக் காட்டி 20 கிலோ ஓமை ஓட்டலாம் என்று வாதிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: ஃபீட்பேக் இம்பீடன்ஸைக் குறைக்கும், மின்னோட்டத்தைக் கூட்டாது. 20 கிலோ ஓம் சுமையில் அந்த வால்வின் சொந்தக் கெயின் 61-லிருந்து 21-க்கு விழுகிறது. ஃபீட்பேக்குக்கு வைத்திருந்த கையிருப்பில் 9 டெசிபெல் கரைகிறது. டிஸ்டார்ஷனை அமுக்க ஆள் குறைந்துபோகிறது.

பாஸ்-3 வாங்குவோர் கவனிக்க இன்னும் இரண்டு. அமெரிக்க வோல்ட்டேஜுக்குச் செய்த ட்ரான்ஸ்பார்மர் என்றால் 230-க்கு ஸ்டெப் டவுன் வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது 50-இல் கொஞ்சம் சூடாகவே ஓடும். ஹீட்டருக்கு டிசி கொடுக்கும் பழைய செலீனியம் ரெக்டிஃபையர்கள் வயதானால் தளர்ந்து வோல்ட்டேஜை விழுங்கும். ஹீட்டர் முனையில் மீட்டர் வைக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

மராண்ட்ஸ் 7 வழிக் கிட், இப்போது இருப்பது. மூலம் 1958-இல் வந்தது. கடைசியில் கேத்தோடு ஃபாலோவர் இருப்பதால் பாஸ்-3-ஐ விட இந்த ஆம்புக்கு ஒரு படி மேல். 12ஏஎக்ஸ்7 கேத்தோடு ஃபாலோவரின் அவுட்புட் இம்பீடன்ஸ் 600, 700 ஓம் அளவில் நிற்கும். 20 கிலோ ஓமை ஓட்டும். இதன் ஃபோனோ பகுதியும் (ரெக்கார்டு ப்ளேயரின் சிக்னலைப் பெருக்குவது) நல்லது. குறை ஒன்றே: இந்த வீட்டுக்குத் தேவையில்லாத கெயின். நல்ல மாடுதான், ஆனால் வண்டி வேறு.

இன்னொன்று, சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும் 6ஜே1 போர்டு. 12 வோல்ட் ஏசியை இரட்டிப்பாக்கி 30 வோல்ட் பக்கத்தில் பிளேட்டை ஓட்டுகிறது. வால்வுக்கு அடியில் ஒரு எல்இடி வேறு. பார்வைக்கு நன்றாக இருக்கும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவது, 6எஸ்என்7 லைன் நிலை. ஒரு சேனலுக்கு ஒரு வால்வு. ஒரு பாதி பெருக்குகிறது, மறுபாதி கேத்தோடு ஃபாலோவராக நின்று ஓட்டுகிறது. பெருக்கக் காரணி 20தான். அதுவே இங்கு இதன் தகுதி. ஃபாலோவரின் அவுட்புட் இம்பீடன்ஸ் 400 ஓம் சுற்றி. அதற்குப் பதில் ஈசிசி88 வால்வு போட்டால் 150-க்குக் கீழேயும் போகலாம். ஆனால் அதன் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் (கிரிட் வோல்ட்டேஜுக்கு மின்னோட்டம் மாறும் அளவு) அதிகம். கிரிட் பக்கம் வயரிங் கொஞ்சம் தளர்ந்தாலும் மெகாஹெர்ட்ஸில் ஆடத் தொடங்கும். முதல்முறை கட்டுபவருக்கு 6எஸ்என்7 சொன்ன பேச்சைக் கேட்கும்.

முடிவு எங்கே திரும்பியது

சிடி மட்டும் கேட்கும் வீடு என்றால் பெருக்கும் பாதியே வேண்டாம். கேத்தோடு ஃபாலோவர் மட்டும், கெயின் ஒன்றுக்குச் சற்றுக் கீழே. இந்த வீட்டில் எல்பியும் உண்டு. எம்எம் கார்ட்ரிட்ஜின் 5 மில்லிவோல்ட்டை 40 டெசிபெல் ஃபோனோ பகுதி அரை வோல்ட் ஆக்கித் தரும். சிடிக்கும் எல்பிக்கும் நடுவே 12 டெசிபெல் பள்ளம். இரைச்சலைக் குறைக்க 405-இன் வாயிலில் அட்டென்யூவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் ரெசிஸ்டர் இணை) ஒன்றைப் போட்டுவிட்டு, ப்ரீஆம்பில் ஃபாலோவர் மட்டும் வைத்தால், அந்த அரை வோல்ட் 5 வாட்டைக்கூடத் தொடாது. இசையின் உச்சங்கள் அதற்கு மேல் போகும் என்றாலும், மெல்ல வெட்டிய தட்டுகளில் குமிழ் கடைசி வரை போய் முட்டிக்கொள்ளும். ஆகவே கெயின் கொஞ்சம் வேண்டும்; அதை வாங்கி, 405-இன் வாயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். தேர்வு: 6எஸ்என்7 இரு பாதிகளும், பவர் ஆம்ப் முனையில் 13 டெசிபெல் அட்டென்யூவேட்டர், ஃபோனோ தனிப் பெட்டியில்.

கெயினை வாங்கித் திருப்பிக் கொடுப்பது வீண்வேலை போலத் தெரியும். இல்லை. வால்வின் இரைச்சலும் பவர் சப்ளையின் ஹம்மும் (மெயின்ஸ் உறுமலும்) கேபிள் பொறுக்கிவரும் ஹம்மும் அட்டென்யூவேட்டருக்கு முன்னால் இருக்கின்றன. எல்லாமே 13 டெசிபெல் இறங்கும். முன்பு 34 டெசிபெல்லில் கேட்ட அதே 100 மைக்ரோவோல்ட் இரைச்சல் இப்போது 21-இல். அறையின் சொந்த மௌனமே அதைவிடச் சத்தம். இதனால்தான் அட்டென்யூவேட்டர் ப்ரீஆம்ப் முனையில் அல்ல, பவர் ஆம்ப் முனையில் இருக்க வேண்டும்.

மதிப்புகள்: தொடரில் 15 கிலோ ஓம், தரைக்கு 5.6 கிலோ ஓம். கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம். 5.6-உம் 405-இன் 20-உம் பக்கஇணைப்பில் 4.4 கிலோ ஓம்; விகிதம் 0.226, 12.9 டெசிபெல். ப்ரீஆம்ப் காணும் சுமை 19.4 கிலோ ஓம், பழையபடியே. முழு வாட்டுக்கு இனி 2.2 வோல்ட் தேவைப்படும். பழைய 405-இல் 4 முள் டின் சாக்கெட். இரு சேனலுக்கும் நான்கு ரெசிஸ்டர்களை ஒரு குட்டி அடாப்டர் பெட்டியில் அடக்கி, ஒரு பக்கம் டின் ப்ளக், மறுபக்கம் ஆர்சிஏ சாக்கெட்டுகள் வைத்தால் ஆம்பைத் திறக்கவே வேண்டாம். எந்த முள் எந்தச் சேனல் என்பதை நினைவில் வைத்துச் சால்டர் செய்யாமல் மீட்டரால் பார்த்துச் செய்யவும். டின் ப்ளக்கைப் பின்பக்கமிருந்து பார்க்கும்போது இடம் வலமாகும்.

வயரிங்

6எஸ்என்7-இன் கால்கள்: 1 கிரிட், 2 பிளேட், 3 கேத்தோடு, 4 கிரிட், 5 பிளேட், 6 கேத்தோடு, 7, 8 ஹீட்டர். முதல் பாதிக்கு 4-5-6, ஃபாலோவருக்கு 1-2-3 என்று வைத்துக்கொள்ளலாம்.

எச்டி (பிளேட்டுக்கான உயர் டிசி வோல்ட்டேஜ்) 250 வோல்ட். முதல் பாதியின் பிளேட்டில் 33 கிலோ ஓம், 2 வாட். கேத்தோடில் 680 ஓம், பைபாஸ் கெப்பாசிட்டர் இல்லாமல். 4.2 மில்லி ஆம்பியர் ஓடி, பிளேட் 110 வோல்ட்டில் நிற்கும். கெயின் 11.7, 21 டெசிபெல் சொச்சம். பைபாஸ் போடாவிட்டால் அவுட்புட் இம்பீடன்ஸ் ஏறுமே என்றால் ஏறும்தான், ஆனால் அடுத்து நிற்பது ஃபாலோவர். அதன் கிரிட் எதையும் கேட்காது. பைபாஸ் இல்லாததால் டிஸ்டார்ஷன் குறைவதுதான் மிச்சம்.

பிளேட்டிலிருந்து ஃபாலோவரின் கிரிட்டுக்கு நேர் இணைப்பு. நடுவே 470 ஓம் மட்டும், கிரிட் காலை ஒட்டி. ஃபாலோவரின் கேத்தோடில் 22 கிலோ ஓம், 2 வாட். கேத்தோடு 113 வோல்ட்டில் 5 மில்லி ஆம்பியர் ஓட்டும். 405-க்கு முழு வாட்டில் தேவைப்படும் உச்ச மின்னோட்டம் 0.16 மில்லி ஆம்பியர். முப்பது மடங்கு கையிருப்பு. பாஸ்-3 திணறும் இடத்தில் இது வேர்க்காது.

உள்ளீட்டில் 50 கிலோ ஓம் லாக் பாட். 250 கிலோ ஓம் பாட் வைக்கும் பழைய வழக்கத்தை இங்கு விட்டுவிடலாம். பாட் சிக்னலைப் பாதியாக்கும் இடத்தில் இருக்கும்போது அதன் மதிப்பில் கால்பங்கு சிக்னலுக்குத் தொடரில் வரும். அது வால்வின் மில்லர் கெப்பாசிட்டன்ஸோடு (கெயினால் பெருகித் தெரியும் கிரிட்-பிளேட் கெப்பாசிட்டன்ஸ்) சேர்ந்து ட்ரெபிளை வெட்டும். 12ஏஎக்ஸ்7-க்கு 250 கிலோ ஓம் பாட், ஷீல்டு வயரோடு 150 பிக்கோ ஃபாரட் என்றால் 17 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் போகும். 6எஸ்என்7-உம் 50 கிலோ ஓமும் சேர்ந்தால் அந்த எல்லை 200 கிலோஹெர்ட்ஸ் பக்கம். பாட்டின் நடுமுனையிலிருந்து தரைக்கு 1 மெக் ஓம் கட்டாயம்: முனை ஒரு கணம் தடம் விட்டாலும் கிரிட் அந்தரத்தில் தொங்கக் கூடாது.

வெளியீட்டில் 4.7 மைக்ரோ ஃபாரட், 400 வோல்ட் பாலிப்ரொப்பிலீன். கட்டைவிரலைவிடப் பெரியது, சேசிஸில் இடம் ஒதுக்கிவிட்டுத் துளை போடவும். இடமில்லை என்று எலக்ட்ரோலிடிக் போட வேண்டாம், அதன் கசிவு டிசி நேரே 405-க்குப் போகும். பிறகு 220 ஓம் தொடரில், சாக்கெட்டில் தரைக்கு 470 கிலோ ஓம்.

சுவிட்ச் போடும் நொடி

வால்வு சூடாக இருபது வினாடி ஆகும். எச்டி சிலிக்கான் டயோடு வழியே வந்தால் உடனே ஏறிவிடும். அந்த இருபது வினாடியில் ஃபாலோவரின் கிரிட் முழு எச்டியில், கேத்தோடு பூஜ்யத்தில். குளிர்ந்த கேத்தோடை இது மெல்ல உரிக்கும். சில வால்வுகளில் பொறியே பறக்கும். கிரிட்டிலிருந்து கேத்தோடுக்கு ஒரு 1என்4007 டயோடு, ஆனோடு கிரிட் பக்கம். குளிரில் அது கடத்தி, கேத்தோடைக் கூடவே தூக்கிக்கொண்டு போகும். வேலை செய்யும்போது கேத்தோடு கிரிட்டைவிட 3 வோல்ட் மேலே இருப்பதால் டயோடு தூங்கும்.

ஆனால் கேத்தோடு பூஜ்யத்திலிருந்து நூறு வோல்ட்டுக்குத் தாவும்போது வெளியீட்டுக் கெப்பாசிட்டர் அதை அப்படியே வெளியே தள்ளும். 405-இன் ஸ்பீக்கர் வழியில் ரிலே கிடையாது. அட்டென்யூவேட்டர் இருந்தும் அந்தத் தள்ளல் ஆம்பை முழுத் திணறலுக்குக் கொண்டுபோகும். முதல் பத்தியில் கூம்பு முன்னால் தள்ளியது இப்படித்தான். ஆகவே மியூட் ரிலே (வெளியீட்டை ஊமையாக்கும் மின் சுவிட்ச்) இங்கு ஆடம்பரம் அல்ல. 12 வோல்ட், இரட்டைத் தொடர்பு. சுருளில் மின்சாரம் இல்லாதபோது வெளியீட்டைத் தரையோடு ஷார்ட் செய்யும்படி வயரிங். 45 வினாடி கழித்துத் திறக்கும் டைமர்.

அணைக்கும்போது ரிலே முதலில் விழ வேண்டும். இங்குதான் பலர் தவறுகிறார்கள்: ரிலேயின் சப்ளையில் தாராளமாக 1000 மைக்ரோ ஃபாரட் போட்டுவிடுவார்கள். 30 மில்லி ஆம்பியர் சுருள் அதில் கால் வினாடிக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கும். 100 மைக்ரோ ஃபாரட் என்றால் 30 மில்லி வினாடியில் விட்டுவிடும். கெப்பாசிட்டர் சிறிதாக இருப்பது இந்த ஒரு இடத்தில் நல்லது.

பவர் சப்ளை

மொத்தம் 20 மில்லி ஆம்பியர். 250 வோல்ட் ஏசி சுற்று, பிரிட்ஜ், முதல் கெப்பாசிட்டர் 47 மைக்ரோ ஃபாரட். பிறகு 2.2 கிலோ ஓம், 47; இன்னொரு 2.2 கிலோ ஓம், 100. ஒவ்வொரு ரெசிஸ்டரும் 44 வோல்ட் சாப்பிடும். 3 வாட் போடவும். முதல் கெப்பாசிட்டரில் 1.2 வோல்ட் அளவில் இருக்கும் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏசி அலை), கடைசியில் 0.14 மில்லிவோல்ட் ஆகிவிடும். ஸ்பீக்கரில் அது 16 டெசிபெல் ஓசை, காது எட்டாது.

கெப்பாசிட்டர்கள் எல்லாமே 450 வோல்ட், கடைசி ஒன்றும்கூட. வால்வு சூடாகும் முன் ரெசிஸ்டர்களில் இறக்கம் குறைவு; மெயின்ஸ் 250-க்கு ஏறும் ஊர்களில் முதல் கெப்பாசிட்டர் 385 வோல்ட் வரை காணும். 350 வோல்ட் போட்டால் கோடைக்குள் வீங்கும். எச்டிக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் பிளீடர் (கெப்பாசிட்டர்களில் தங்கியதை வடிக்கும் ரெசிஸ்டர்). அணைத்தபின் நான்கு நிமிடம் பொறுத்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டே கை வைக்க வேண்டும். சுவிட்ச் அணைந்தது என்பதை நம்பக் கூடாது.

ஹீட்டரைத் தரையில் கட்ட வேண்டாம். ஃபாலோவரின் கேத்தோடு 113 வோல்ட்டில் இருக்கிறது; ஹீட்டர் பூஜ்யத்தில் இருந்தால் நடுவே உள்ள மெல்லிய காப்பு அந்த வோல்ட்டேஜ் முழுவதையும் தாங்க வேண்டும். வால்வு ரகத்தைப் பொறுத்து எல்லை ஏறக்குறைய 100-லிருந்து 200 வோல்ட் வரை. எச்டியிலிருந்து 220 கிலோ ஓம், தரைக்கு 68 கிலோ ஓம். நடுவில் 59 வோல்ட். 68-க்குக் குறுக்கே 22 மைக்ரோ ஃபாரட், 100 வோல்ட். இதை ஹீட்டர் சுற்றின் நடுமுனையில் கட்டினால் ஒரு கேத்தோடுக்கு 56 வோல்ட் மேலே, மற்றதற்கு 54 வோல்ட் கீழே. ஹம்மும் கூடவே குறையும். லைன் நிலைக்கு ஏசி ஹீட்டர் போதும், வயரை இறுக முறுக்கி சேசிஸ் மூலையில் ஓட்டினால். இரண்டு வால்வுக்கு 6.3 வோல்ட்டில் 1.2 ஆம்பியர். ஃபோனோ பெட்டியில் மட்டும் டிசி.

மீட்டர் சொல்வது

ஐந்து நிமிடம் சூடானபின் எச்டி 250, பிளேட் 110, முதல் கேத்தோடு 3, ஃபாலோவர் கேத்தோடு 113, ஹீட்டர் உயர்த்தல் 59. பத்துப் பதினைந்து சதவீதம் அங்குமிங்கும் இருந்தால் வால்வின் சுபாவம் என்று விடலாம். ஹீட்டர் மட்டும் 6.0-க்கும் 6.6-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. ஃபாலோவராக நிற்கும் பாதி செத்துவிட்டாலும் அதன் கேத்தோடில் பல பத்து வோல்ட் இருக்கும், பாட்டும் மங்கலாக வரும். காரணம் அந்த டயோடு; பிளேட்டிலிருந்து வரும் சிக்னலை அதுவே சுமந்து போகிறது. கிரிட்டையும் கேத்தோடையும் ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். கேத்தோடு 3 வோல்ட் மேலே இருந்தால் வால்வு வேலை செய்கிறது. அரை வோல்ட் கீழே இருந்தால் டயோடுதான் வேலை செய்கிறது. இரு முனையையும் தனித்தனியாகத் தரையிலிருந்து அளந்து கழிக்கவும். மீட்டர் முனையை நேரே கிரிட்டில் வைத்தால் ஆட்டம் கிளம்பலாம்; அதோடு நேர் இணைப்பில் உள்ள முதல் பாதியின் பிளேட்டில் வைக்கவும்.

முதல் கேத்தோடில் ஒன்றுமில்லை: ஹீட்டர் எரியவில்லை. பிளேட் வெகு மேலே ஏறி நிற்கிறது: 680 ஓமின் சால்டர் விட்டிருக்கிறது. பிளேட் 70 வோல்ட் பக்கம் இறங்கிக் கிடக்கிறது: 680 ஓமுக்குப் பதில் 68 ஓம் போயிருக்கும், வண்ணப்பட்டையைப் பாருங்கள். குமிழைத் திருப்பும்போது கரகர: பாட் அழுக்கு என்று தெளிப்பான் எடுக்கும் முன், வால்வை மாற்றிப் பாருங்கள், கிரிட் கரண்ட் கசியும் வால்வும் இப்படித்தான் பேசும். பென்சிலின் ரப்பர் முனையால் வால்வைத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிக்கிறதா? லேசான 'டக்' பரவாயில்லை. நீண்டு ஒலித்தால் அந்த வால்வைப் பவர் சப்ளைக்கோ வேறு வேலைக்கோ அனுப்பலாம்.

எல்லாம் முடிந்தபின் வால்யூம் குமிழ் சிடிக்கு ஒன்பது மணி பக்கம் தொடங்கி, பதினொன்றில் 405-இன் முழு வாட்டை எட்டும். எல்பிக்கு அதற்கும் மேலே இடம் உண்டு. இந்த நிலைக்கு வந்தபிறகு எந்த நிறுவனத்து 6எஸ்என்7 என்ற கேள்வியைக் கேட்கலாம். இன்றைய புதுத் தயாரிப்புகளில் இரண்டு பாதியும் சமமாக அளந்து தருவதை வாங்கினால் போதும். பழைய சரக்குக்குப் பத்து மடங்கு கொடுப்பவர் அந்தப் பணத்தில் நல்ல வால்யூம் பாட்டும் நல்ல வெளியீட்டுக் கெப்பாசிட்டரும் வாங்கி மிச்சம் பிடிக்கலாம்.

பவர் ஆம்ப் மாறினால் இந்தத் தீர்ப்பும் மாறும். 405-இன் இடத்தில் ஸ்டீரியோ 70 வந்தால் உள்ளீடு 470 கிலோ ஓம், முழு 35 வாட்டுக்கு 1.3 வோல்ட். அங்கே 0.1 மைக்ரோ ஃபாரட்டே 3.4 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், 12ஏஎக்ஸ்7-இன் பிளேட் சுமையே தெரியாமல் ஓடும், அட்டென்யூவேட்டரும் வேண்டாம். மேலே ஒதுக்கிய பாஸ்-3-ஐ அந்த வீட்டுக்குத் தயங்காமல் எடுக்கலாம், செலீனியத்தைக் கழற்றிச் சிலிக்கான் டயோடு போட்டு, அதனால் ஏறும் ஹீட்டர் வோல்ட்டேஜை ஒரு தொடர் ரெசிஸ்டரால் இறக்கிய பிறகு.